பாப்பா உமாநாத்: பொன்மலை தந்த கம்யூனிஸ்ட் தலைவர்

பாப்பா உமாநாத் (ஆகஸ்ட் 5, 1931 – டிசம்பர் 17, 2010) தமிழகப் பொதுவுடைமை இயக்கத் தலைவர்களுள் ஒருவர். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினராக இருந்தவர். தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டியவர்களில் முன்னணியில் நின்றவர். 1989 தேர்தலில் திருவெறும்பூர் தொகுதியிலிருந்து சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இயற்பெயர் தனலட்சுமி.

அரசியல்வாதிகளைப் பற்றி எழுதும்போது வகித்த பதவிகளை ஆண்டுவாரியாக அடுக்குவது வழக்கம். இவரை அப்படி எழுதினால் கட்டுரை மேலே உள்ள பத்தியோடு முடிந்துவிடும். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொதுவாழ்வில் அரசுப் பதவி என்று சொல்லத்தக்கது அந்த இரண்டாண்டுச் சட்டமன்றப் பதவி ஒன்றுதான். மீதி வாழ்க்கை தொழிற்சங்கத் திடலிலும், தலைமறைவு வீட்டிலும், சிறையிலும், மாதர் சங்கக் கிளைகளிலும் கழிந்தது. ஆகவே பதவிகளை விட்டுவிட்டு அந்த இடங்களைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

பொன்மலை

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மாணவர்களுக்கு ஒரு செய்தி. இவ்விரு பகுதிகளும் 1995 செப்டம்பர் வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளே. ஆகவே பாப்பா உமாநாத்தின் வரலாறு நம் பழைய மாவட்டத்தின் வரலாறுதான். ரயில் வரலாற்றில் நம் ஊருக்கு ஓர் இடம் உண்டு என்றால், 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் நடந்த விபத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியதால் அது பொது அறிவு வினாத்தாள்களிலும் இடம் பிடித்துவிட்டது. அதே பாதையில் அரியலூரில் ரயில் ஏறி, லால்குடி, ஸ்ரீரங்கம், திருச்சி டவுன் கடந்தால், சந்திப்பு நிலையத்துக்கு முன்னால் பொன்மலை வரும். அங்கே 1946 செப்டம்பர் 5 அன்று நடந்ததை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

தென்னிந்திய ரயில்வே என்பது அன்று ஓர் ஆங்கிலேயக் கம்பெனி. அதன் பெரிய பணிமனை நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் கம்பெனி பொன்மலையில் புதிய பணிமனை கட்டி, வேலைகளை அங்கே மாற்றியது. அந்த மாற்றத்தோடு ஆட்குறைப்பும் வந்தது. 3000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வேலைக்கு ஆபத்து வந்தபோது 1928 ஜூலையில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குத் தலைமை ஏற்ற சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைத் தண்டனை பெற்றார்கள். வேலைநிறுத்தம் பத்து நாட்களில் முறிந்தது. ஆனால் பொன்மலையில் தொழிற்சங்கம் என்ற பேச்சு ஓயவில்லை. பின்னாளில் அனந்தன் நம்பியார், எம். கல்யாணசுந்தரம் முதலியோர் அங்கே வலுவான சங்கத்தைக் கட்டினார்கள்.

இந்தப் பொன்மலைக்குத்தான் தனலட்சுமியின் தாயார் லட்சுமி, காரைக்கால் அருகிலுள்ள கோவில்பத்திலிருந்து பிள்ளைகளோடு பிழைக்க வந்தார். ரயில்வே தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போடும் மெஸ் ஒன்றை நடத்தினார். சாப்பிட வருகிறவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் பேசுவது சங்கத்தைப் பற்றி. சிறுமி தனலட்சுமி பரிமாறிக்கொண்டே அதைக் கேட்டு வளர்ந்தார். தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளைக் கொண்டு நடந்த பாலர் சங்கத்தில் சேர்ந்தார். கூட்டத்திலேயே சின்னவர் என்பதால் எல்லோரும் பாப்பா என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. எண்பது வயதை நெருங்கிய காலத்திலும் அவர் பாப்பாதான்.

செப்டம்பர் 5

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ரயில்வேயில் ஆட்குறைப்புப் பேச்சு மீண்டும் எழுந்தது. சங்கத்தில் முன்நின்றவர்கள் பழிவாங்கப்பட்டார்கள். 1946 ஆகஸ்ட் கடைசியில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 5 அன்று மலபார் சிறப்புக் காவல்படை பொன்மலைச் சங்கத் திடலுக்குள் புகுந்து சுட்டது. தங்கவேலு, ராஜு, ராமச்சந்திரன், கிருஷ்ணமூர்த்தி, தியாகராஜன் ஆகிய ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அப்போது சென்னை மாகாணத்தில் நடந்தது வெள்ளைக்காரன் ஆட்சி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆங்கிலேய ஆளுநருக்குக் கீழே, தேர்தலில் வென்ற காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது. ஆந்திர கேசரி என்று புகழ்பெற்ற பிரகாசம் பிரதமர் (அன்று மாகாண முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள்). தொழிலாளர் அமைச்சர் வி.வி. கிரி. ரயில்வே தொழிற்சங்கங்களை வளர்த்தே பொதுவாழ்வில் பெயர் பெற்றவர் அவர். பின்னாளில் குடியரசுத் தலைவரானார். ரயில்வே தொழிலாளர் தலைவர் ஒருவர் அமைச்சராக இருந்த அரசின் காலத்தில், அரசின் போலீஸ் ரயில்வே தொழிலாளர்களைச் சுட்டது. விடுதலைக்கு ஓராண்டு முன்பே, இனி வரப்போகும் அரசுக்கும் தொழிலாளர் இயக்கத்துக்கும் எப்படிப்பட்ட உறவு இருக்கும் என்பது பொன்மலையில் தெரிந்துவிட்டது என்பது என் கருத்து.

பாப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது.

பின்னர் 1962 முதல் செப்டம்பர் 5 நாடு முழுவதும் ஆசிரியர் தினமாயிற்று. முப்பதாண்டுகளுக்கு மேல் அந்த நாளில் பள்ளியில் மாணவர்கள் கையால் பூ வாங்கியிருக்கிறேன். பொன்மலையில் அதே நாளில் தியாகிகளுக்கு அஞ்சலிக் கூட்டம் நடக்கும் என்பதை வகுப்பில் சொன்னபோதெல்லாம், பிள்ளைகளைவிட சக ஆசிரியர்களே அதிகம் வியந்தார்கள்.

தலைமறைவும் சிறையும்

1948 தொடக்கத்தில் கல்கத்தாவில் நடந்த இரண்டாம் மாநாட்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஒரு புதிய வழியை வகுத்தது. நாட்டுக்குக் கிடைத்தது உண்மையான விடுதலை அல்ல, நேரு அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழ வேண்டும் என்பது அதன் சாரம். பி.டி. ரணதிவே பொதுச்செயலாளரானார். அரசுகள் அடக்குமுறையில் இறங்கின. சென்னை மாகாணத்தில் 1949 செப்டம்பரில் கட்சி தடை செய்யப்பட்டது. பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம், 1950இல் வந்த தடுப்புக்காவல் சட்டம் ஆகிய இரண்டின் கீழும் ஏராளமானோர் விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டார்கள்.

இந்திய அரசியலமைப்பைப் படிக்கும் மாணவர்களுக்கு இக்காலம் வேறொரு வகையில் பழக்கமானது. ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம், ரமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம் என்ற இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் 1950 மே மாதத்தில் வந்தவை. இரண்டுமே சென்னை அரசின் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு நடவடிக்கைகளிலிருந்து பிறந்த வழக்குகள். கோபாலன் வழக்கில் தடுப்புக்காவல் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது நீதிமன்றம். தாப்பர் வழக்கில் ஒரு பத்திரிகைக்கு விதித்த தடை செல்லாது என்றது. நாம் அடிப்படை உரிமைகள் என்று பாடம் நடத்துவதன் முதல் வரிகள் இந்தச் சிறைகளிலிருந்து எழுதப்பட்டவை. அதே 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் இறந்தார்கள்.

இந்தச் சூழலில் பாப்பாவும் அவருடைய தாயாரும் சென்னையில் தலைமறைவுப் பணியில் இருந்தார்கள். கட்சித் தலைவர்கள் தங்கும் வீடு ஒன்று தெருவில் சந்தேகம் எழாமல் நடக்க வேண்டுமென்றால் அங்கே ஒரு குடும்பம் இருக்க வேண்டும். சமைக்க ஒரு தாய், தண்ணீர் எடுக்க ஒரு மகள். பொன்மலை மெஸ்ஸில் செய்ததைத்தான் லட்சுமி அங்கேயும் செய்தார், ஆபத்து மட்டும் பல மடங்கு. இயக்க வரலாறுகளில் தலைமறைவுத் தலைவர்களின் பெயர்கள் இருக்கும். அடுப்படியில் நின்றவர்களின் பெயர்களைத் தேட வேண்டியிருக்கும்.

போலீஸ் அந்த இடத்தைக் கண்டுபிடித்தது. தாயும் மகளும் கைதானார்கள். சிறையில் அரசியல் கைதிகளின் உரிமைகளைக் கேட்டு உண்ணாவிரதம் தொடங்கியது. இருவரும் அதில் பங்கேற்றார்கள். நாட்கள் கடந்தும் முடிவு வரவில்லை. தாயார் சிறையிலேயே இறந்தார்.

தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டார். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பாப்பா எழுதிக் கொடுக்கவில்லை. தாயின் உடலைப் பார்க்கவும் இல்லை. அப்போது அவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் சொல்லும்போது கொள்கை உறுதி என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவார்கள். எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. அந்த நிபந்தனையை விதித்த அரசைப் பற்றி யோசித்துப் பாருங்கள். சவத்தைக் காட்டுவதற்கு ஒரு கையெழுத்து விலை. இப்படிக் கேட்க எந்தச் சட்டப் பிரிவிலும் இடம் இல்லை. நம் வீடுகளில் எந்தப் பகையும் சாவு வீட்டு வாசலில் நின்றுவிடும். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகூட எழவுக்கு வந்து நிற்பான். அந்த வழக்கத்தைச் சுதந்திர இந்தியாவின் ஒரு சிறைச்சாலை மீறியது. குடியரசு பிறந்த அதே காலத்தில் இது நடந்தது.

அதே சமயம் இன்னொரு கேள்வியையும் மறைக்கக் கூடாது. எந்த வழிக்காக அவர்கள் தலைமறைவாக இருந்தார்களோ, அந்தக் கல்கத்தா வழி தவறு என்று கட்சியே சொல்லிவிட்டது. 1950இல் ரணதிவே பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 1951இல் தெலங்கானா ஆயுதப் போராட்டம் கைவிடப்பட்டது. தேர்தலில் நிற்பது என்று முடிவாயிற்று. அப்படியானால் லட்சுமி எதற்காக இறந்தார்? அவர் உண்ணாவிரதம் இருந்தது மாநாட்டுத் தீர்மானத்துக்காக அல்ல, கைதிகளை மனிதர்களாக நடத்த வேண்டும் என்பதற்காக. அந்தக் கோரிக்கையை யாரும் தவறு என்று திரும்பப் பெறவில்லை. ஆனால் அவரை அந்தச் சிறைக்குள் கொண்டுவந்த அரசியல் கணக்கு பிழையானது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

உலகத்தின் வேறொரு மூலையில்

இதே ஆண்டுகளில் பால்கன் பக்கத்து நாடுகளில் கம்யூனிஸ்ட் கட்சிகள் ஆட்சியில் இருந்தன. ருமேனியாவின் அன்னா பௌக்கர் 1947 நவம்பரில் வெளியுறவு அமைச்சரானார். தொடக்கத்தில் யூதப் பள்ளியில் எபிரேய மொழி கற்பித்த ஆசிரியை அவர். மன்னராட்சிக் காலத்தில் பல ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அவர் சிறையில் இருந்தபோதே, மாஸ்கோவிலிருந்த கணவர் மார்செல் பௌக்கர் ஸ்டாலினின் களையெடுப்பில் 1938இல் கொல்லப்பட்டார். அப்படிப்பட்டவரை 1952இல் சொந்தக் கட்சியே பதவிகளிலிருந்து நீக்கியது. 1953 தொடக்கத்தில் கைது செய்து, செய்யாத குற்றங்களை ஒப்புக்கொள்ளச் சொல்லி விசாரித்தது. ஸ்டாலின் இறந்ததால் அவர் உயிர் தப்பினார்.

பௌக்கரை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. சென்னைச் சிறையில் பாப்பாவிடம் ஒரு கையெழுத்து கேட்டது கம்யூனிச எதிர்ப்பு அரசு. புக்காரெஸ்ட்டில் பௌக்கரிடம் கையெழுத்து கேட்டது கம்யூனிஸ்ட் அரசு. அன்றைய இந்தியக் கம்யூனிஸ்டுகள் கிழக்கு ஐரோப்பிய ஆட்சிகளைப் போற்றி எழுதினார்கள்; அங்கே சிறைகளில் நடந்ததைப் பற்றி எழுதவில்லை. பாப்பாவின் உறுதியை மதிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டே மதிக்கலாம்.

உமாநாத்துடன்

1952இல் பாப்பா, ஆர். உமாநாத்தை மணந்தார். காசர்கோட்டில் பிறந்த உமாநாத் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1940இல் பி. ராமமூர்த்தி, மோகன் குமாரமங்கலம் முதலியோருடன் சென்னைச் சதி வழக்கில் சேர்க்கப்பட்டவர். வீட்டில் கொங்கணி பேசிய குடும்பத்துப் பிள்ளைக்கும் பொன்மலை மெஸ்ஸில் வளர்ந்த பெண்ணுக்கும் நடந்த இத்திருமணம் சாதியையும் மொழியையும் கடந்தது. மூன்று பெண் குழந்தைகள். அவர்களுள் உ. வாசுகி இன்று மாதர் இயக்கத்திலும் மார்க்சிஸ்ட் கட்சியிலும் நன்கு அறியப்பட்டவர்.

உமாநாத் 1962, 1967 தேர்தல்களில் புதுக்கோட்டையிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1964இல் கட்சி பிளந்தபோது கணவன், மனைவி இருவரும் மார்க்சிஸ்ட் கட்சிப் பக்கம் நின்றார்கள். அந்த ஆண்டு இறுதியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி உமாநாத்தும், திருச்சி மக்களவை உறுப்பினர் அனந்தன் நம்பியாரும் கைதானார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரை விசாரணையின்றி அடைத்துவைத்து, நாடாளுமன்றம் போக முடியாமல் தடுக்கலாமா என்று இருவரும் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். சட்டப்படி காவலில் இருக்கும் உறுப்பினருக்கு மற்ற குடிமக்களைவிடச் சிறப்புரிமை ஏதும் இல்லை என்று 1965 அக்டோபரில் நீதிமன்றம் கூறிவிட்டது. திருச்சி, புதுக்கோட்டை என்ற அடுத்தடுத்த இரண்டு தொகுதிகளின் மக்களுக்கு அந்தக் காலத்தில் டில்லியில் குரல் இல்லை. இத்தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

உமாநாத் 1977, 1980 தேர்தல்களில் நாகப்பட்டினத்திலிருந்து சட்டமன்றத்துக்கும் சென்றார். கணவர் அவைகளுக்குப் போன காலம் முழுவதும் பாப்பா அமைப்பு வேலையில் இருந்தார். அவரை உமாநாத்தின் மனைவி என்று அறிமுகம் செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பொன்மலையில் உமாநாத்தைப் பாப்பாவின் கணவர் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாவது அறிமுகத்தில் நியாயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

மாதர் சங்கம்

தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர் பெண்களுக்கென்று தனி அமைப்பு வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது முக்கியமானது. வேலைநிறுத்தம் நடந்தால் ரேஷன் இல்லாமல் குடும்பத்தை ஓட்டுகிறவள் பெண். ஆனால் சங்க உறுப்பினர் அட்டை ஆணிடம். வரதட்சணை, குடிகாரக் கணவன், தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை ஆகியவை எந்தத் தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலிலும் வராது. 1973இல் தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது, மதுரையின் கே.பி. ஜானகியம்மாளும் பாப்பா உமாநாத்தும் அதன் முன்னணியில் இருந்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1981 மார்ச்சில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் தொடக்க மாநாடு சென்னையில் கூடியது. தமிழ்நாட்டில் முன்னதாகவே ஒரு சங்கம் வேரூன்றியிருந்ததை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஆண்டுச் சட்டமன்றம்

1989 ஜனவரித் தேர்தலில் தி.மு.க. அணியில் நின்ற மார்க்சிஸ்ட் கட்சியின் வேட்பாளராகத் திருவெறும்பூரில் பாப்பா வென்றார். திருவெறும்பூர் என்றால் பெல் தொழிற்சாலை, துப்பாக்கித் தொழிற்சாலை, பக்கத்திலேயே பொன்மலைப் பணிமனை. சிறுமியாகச் சாப்பாடு பரிமாறிய இடத்துக்கு அருகிலிருந்தே வாக்குக் கேட்டு வென்றது அந்தத் தேர்தலின் சிறப்பு.

அந்தப் பேரவையை 1989 மார்ச் 25 அன்று நடந்த அமளிக்காகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே பேரவைதான் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு தரும் வகையில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுமைக்கும் அத்தகைய திருத்தம் வர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் சொத்துரிமைக்காகச் சட்டமன்றத்துக்கு வெளியே பேசிவந்த ஒருவர், அச்சட்டம் நிறைவேறிய பேரவையில் உறுப்பினராக இருந்தார். 1991 ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது; உறுப்பினர் பதவியும் போயிற்று.

கலைப்புக்குப் பிந்தைய ஆண்டுகள்தாம் அவர் கட்டிய சங்கத்துக்குக் கடும் சோதனை வைத்தன. 1992 ஜூன் 20 அன்று அன்றைய தருமபுரி மாவட்டத்தில், அரூர் அருகிலுள்ள வாச்சாத்தி மலைவாழ் கிராமத்துக்குள் சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கம், மார்க்சிஸ்ட் கட்சி, மாதர் சங்கம் ஆகியவை வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டன. விசாரணை மத்திய புலனாய்வுத் துறைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். எல்லோரும் அரசு ஊழியர்கள். வழக்கு இழுத்த இழுப்பில் அவர்களில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள்.

பாப்பா உமாநாத் 2010 டிசம்பர் 17 அன்று திருச்சியில் காலமானார். உமாநாத் 2014 மே 21 அன்று அதே ஊரில் மறைந்தார். வாச்சாத்தி வழக்கில் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.